கர்ப்பப்பை வாயில் சதை எடுக்கச் சொன்னால் பயப்படணுமா?

கேட்கப்பட்டது இது: "குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். என் அக்காவுக்கு 42 வயது, ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்தார்கள். 'பாசிட்டிவ்' என்று சொல்லி, வேலூர் போய் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லி சீட்டு கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாளாக அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. இது கேன்சர்தானா? ரொம்ப வலிக்குமா? மயக்க மருந்து கொடுப்பார்களா? சதை எடுத்தால் பரவிவிடும் என்கிறார்களே? மறுநாள் வேலைக்குப் போக முடியுமா?"

முதல் வேலையாக அக்காவைச் சாப்பிட வையுங்கள். சீட்டில் 'பாசிட்டிவ்' என்று எழுதியிருப்பதற்குக் கேன்சர் என்று அர்த்தம் கிடையாது. இப்படிச் சீட்டோடு அனுப்பப்படுகிற பெண்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லத்தான் சதை எடுக்கிறார்கள்.

நான் வேலூரில் 26 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் இந்தப் பரிசோதனை நடக்கிற அறையில்தான் போனது. டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுத்திருக்கிறேன், மேசைக்குத் தலைமாட்டில் நின்று படுத்திருப்பவர் கையையும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டு பக்கத்திலிருந்தும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் ஊரில் என்ன செய்திருப்பார்கள் என்றால், கர்ப்பப்பை வாயில் 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து பார்த்திருப்பார்கள். சமையலறையில் வினிகர் என்று வைத்திருக்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். மாற்றம் வந்த இடம் வெள்ளையாகத் தெரியும். அப்புறம் அயோடின் தடவுவார்கள். நல்ல இடம் பழுப்பாக மாறும், மாற்றம் உள்ள இடம் சாயம் ஏறாமல் கடுகு மஞ்சளாக நிற்கும். 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுக்க வந்த பரிசோதனை இது. வெளிச்சமும் பழகிய கண்ணும் இருந்தால் போதும், உடனே பதில் தெரிந்துவிடும். அதுதான் இதன் பலம். ஆனால் வெறும் புண்ணுக்கும் வெள்ளையாகும், கிருமித் தொற்றுக்கும் வெள்ளையாகும், வயதுக்கேற்ப செல்கள் இயல்பாக மாறுகிற இடத்திலும் வெள்ளையாகும். கண்ணால் பார்த்து இதில் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் வேலூருக்கு அனுப்புகிறார்கள்.

கர்ப்பப்பையைத் தலைகீழாகப் பிடித்த ஒரு சின்னச் சுரைக்குடுவை என்று வைத்துக்கொள்ளுங்கள். குடுவையின் கழுத்துதான் கர்ப்பப்பை வாய். சுமார் 3 செ.மீ. நீளம் இருக்கும். உள்பக்கத் தோலும் வெளிப்பக்கத் தோலும் சந்திக்கிற ஒரு வட்டம் அந்தக் கழுத்தில் இருக்கிறது. இந்த நோய் பெரும்பாலும் அந்த வட்டத்தில்தான் ஆரம்பிக்கும். காரணம் எச்.பி.வி. என்கிற வைரஸ். அதில் பல வகை உண்டு. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீத கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். இதைக் கண்டுபிடித்ததற்காக ஜெர்மனியின் ஹெரால்ட் சூர் ஹாவ்சனுக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வைரஸ் தொற்றிய பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். போகாமல் தங்கிவிடுகிற சிலருக்குத்தான் செல்கள் மெதுவாக மாறுகின்றன. எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிற பெண்ணுக்கு அது புற்றுநோயாக வளர 15, 20 வருடம் கூட ஆகும். நமக்கு அவ்வளவு அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிறையப் பேரை இழக்கிறோம். எனக்கு ஆறாத வருத்தம் அது.

சரி, போகிற நாளுக்கு வருவோம்.

மாதவிலக்கு நின்று நாலைந்து நாள் ஆனபின் போனால் நல்லது. மாதவிலக்காக இருக்கும்போது போனால் ரத்தம் மறைத்துவிடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும்தான் போகும். போவதற்கு முந்தைய 2 நாள் தாம்பத்தியம் வேண்டாம், உள்ளே எந்த மாத்திரையும் மருந்தும் வைக்க வேண்டாம், உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவவும் வேண்டாம். முடி எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், முந்தின நாள் ராத்திரி அவசரமாக பிளேடு போட்டு வெட்டுக்காயத்தோடு வந்தவர்கள் உண்டு. வெறும் வயிற்றோடும் போக வேண்டாம். மயக்க மருந்து கொடுத்துச் செய்வதாக இருந்தால்தான் சாப்பிடக் கூடாது, அதை முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். இல்லையென்றால் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். பசியோடு வந்து படுத்தவர்கள்தான் எழும்போது தலை சுற்றி உட்காருவார்கள்.

டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால், 42 வயதில் என்ன கர்ப்பம் என்று விட்டுவிடாமல் சொல்லுங்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, இதய வால்வு ஆபரேஷன் ஆனவரா, அயோடின் ஒத்துக்கொள்ளாதா, இதெல்லாம் முக்கியம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது, கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் சீட்டு, ஆதார், காப்பீட்டு அட்டை இருந்தால் அது, நாலு பேட், ஒரு மாற்று உள்பாவாடை இவ்வளவும் பையில் இருக்கட்டும். அயோடின் கறை துணியில் பட்டால் சுலபத்தில் போகாது. புடவை கட்டிக்கொண்டு போவதே வசதி, முழுவதும் கழற்றாமல் தூக்கிக்கொண்டு படுக்கலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதானாலும், டவுனில் வேறு இடத்துக்குப் போவதானாலும், காலையிலேயே போய்விடுங்கள். ஓ.பி. சீட்டு வாங்கி உள்ளே போகவே நேரமாகும். கூட ஒரு பெண் வந்தால் நல்லது. நீங்களே போங்களேன்.

டாக்டர் ஆணாக இருந்தால் என்ன செய்வது என்று அக்கா மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கலாம், வாய்விட்டுக் கேட்கமாட்டார். பெண் டாக்டர் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். ஆண் டாக்டரே பார்க்க வேண்டியிருந்தால் ஒரு நர்ஸ் கூடவே நிற்க வேண்டும், அதைக் கேட்டு வாங்கும் உரிமை அக்காவுக்கு இருக்கிறது. இந்தக் கூச்சம் நம் மண்ணில் புதிதல்ல. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் தவித்தபோது, ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று வீட்டு ஆண்கள் மறுத்து, அந்த மூன்று பேரும் இறந்தார்கள். அதைப் பார்த்த ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவம் படித்துவிட்டு வந்து 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்ததுதான் சி.எம்.சி. மருத்துவமனை. 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். கூச்சத்துக்கு மரியாதை கொடுக்கலாம், உயிரைக் கொடுக்கக் கூடாது என்று இந்த ஊர் நூறு வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டது.

உள்ளே போனதும் ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொல்வார்கள். மூத்திரப் பை காலியாக இருந்தால் வயிற்றில் அழுத்தம் தெரியாது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். வயது வந்த பெண்ணுக்கு அவர் கையெழுத்தே போதும், வீட்டுக்காரர் வரவில்லையே என்று திரும்பி வர வேண்டியதில்லை. பிறகு மேசையில் படுத்து, காலை மடக்கி அகட்டி வைக்க வேண்டும். மேலே ஒரு துணி போர்த்துவார்கள். போர்த்தவில்லை என்றால் கேளுங்கள்.

வாத்தின் அலகு போல ஒரு கருவியை உள்ளே வைத்துத் திறப்பார்கள். ஸ்பெகுலம் என்று பெயர். உலோகமாக இருந்தால் சில்லென்று இருக்கும். இந்த நேரத்தில் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: இடுப்பைத் தூக்கி, தொடையை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். இறுக்க இறுக்கத்தான் வலிக்கும். நான் சொல்வது, "இடுப்பை மேசையில் அழுத்தும்மா, வாயைத் திறந்து மெதுவா ஊதும்மா, சூடான டீயை ஊதுற மாதிரி." வாயால் ஊதிக்கொண்டிருக்கிறவரால் கீழே இறுக்க முடியாது. அக்காவை வீட்டிலேயே நாலு தடவை பழகிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

அடுத்து, பெரிய கண்ணாடி போன்ற ஒரு கருவியை வெளியே நிறுத்திப் பார்ப்பார்கள். கால்போஸ்கோப் என்பது அதுதான். அது உள்ளே போகாது. கர்ப்பப்பை வாயைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான். 1925-இல் ஹின்செல்மன் என்ற ஜெர்மன் டாக்டர் உருவாக்கியது. மறுபடியும் அமிலம் தடவுவார்கள், லேசாகக் காந்தும். அயோடின் தடவுவார்கள். எந்த இடம் அதிகமாக மாறியிருக்கிறது, ரத்தக் குழாய்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்த்து, எங்கே சதை எடுப்பது என்று முடிவு செய்வார்கள். சந்தேகம் எதுவும் இல்லையென்றால் சதையே எடுக்காமல் அனுப்பிவிடுவதும் உண்டு.

இப்போது நீங்கள் கேட்ட வலிக்கு வருகிறேன்.

பேரணாம்பட்டிலிருந்து பீடி சுற்றுகிற ஓர் அம்மா வந்திருந்தார். மேசையில் படுத்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இன்னா நர்ஸம்மா, எவ்ளோ பெரிசா வெட்டுவாங்க? சும்மா சொல்லு" என்றார். முந்தினவரிடம் எடுத்த சதை பாட்டிலில் இருந்தது, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். அடியில் அரிசிக் குருணை மாதிரி இரண்டு வெள்ளைத் துணுக்கு. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பீடி எலைய கத்தரிச்சா ஓரத்துல விழுமே, அத்தினி கூட இல்ல" என்று சொல்லிவிட்டு அவரே படுத்துக்கொண்டார். அவர் சொன்னது சரி. ஒவ்வொரு துண்டும் சுமார் 3 மி.மீ. இருக்கும். நீளக் கைப்பிடி உள்ள ஓர் இடுக்கி, அதன் நுனியில் சின்ன வாய். சந்தேகப்படுகிற இடங்களில் இரண்டு முதல் நாலு துண்டு வரை எடுப்பார்கள். நாலு எடுத்தால் நோய் முற்றியிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஒரே இடத்தில் எடுத்தால் நோய் கண்ணுக்குத் தப்பலாம், அதனால்தான்.

கர்ப்பப்பை வாய்க்கு நம் விரல் நுனிக்கு இருப்பது போலக் கூர்மையான வலி உணர்ச்சி கிடையாது. ஆகவே பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமலேயே எடுப்பார்கள். சில இடங்களில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். பலருக்கு 'சுருக்' என்று ஒரு கிள்ளல், கூடவே மாதவிலக்கு வலி மாதிரி அடிவயிற்றில் ஒரு பிடிப்பு. "இருமும்மா" என்று சொல்லி, இருமுகிற நேரத்தில் எடுத்துவிடுவார்கள். எடுத்ததே தெரியவில்லை என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள், கண்ணில் தண்ணீர் விட்டவர்களும் இருக்கிறார்கள். வலிக்கவே வலிக்காது என்று சொல்லி அனுப்பாதீர்கள். அது பொய்யாகிவிட்டால் அடுத்த தடவை வரமாட்டார். கழுத்தின் உள்குழாயிலிருந்து சுரண்டி எடுத்தால் பிடிப்பு வலி கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அரை நிமிடத்தில் முடிந்துவிடும். தாங்க முடியவில்லை என்றால் "நிறுத்துங்க" என்று சொல்லலாம். நிறுத்துவார்கள், நிறுத்த வேண்டும். எல்லாம் சேர்த்து 15, 20 நிமிட வேலை.

எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க ஒரு களிம்பு தடவுவார்கள். இரும்பு கலந்த களிம்பு, பெயர் மான்செல். சில சமயம் உள்ளே ஒரு துணிச் சுருளும் வைப்பார்கள். மேசையை விட்டு இறங்குவதற்கு முன் கேட்டே ஆக வேண்டிய கேள்வி: "உள்ளே துணி வைத்திருக்கிறீர்களா? எப்போது எடுக்க வேண்டும்?" அதை மறந்துவிட்டு மூன்று நாள் கழித்து நாற்றத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இறங்கியதும் 10 நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்.

சதையைப் பார்மலின் என்ற திரவம் இருக்கிற பாட்டிலில் போடுவார்கள். பல இடங்களில் அதை உங்கள் கையிலேயே கொடுத்து லேபில் கொடுத்துவிட்டு வரச் சொல்வார்கள். அப்போது பாட்டிலின் மேல் ஒட்டிய சீட்டைப் படியுங்கள். அக்கா பெயர், வயது, மருத்துவமனை எண் மூன்றும் படிவத்தில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா? ஒரே பெயரில் ஒரே நாளில் இரண்டு பேர் வருவது நம் ஊரில் சாதாரணம். திரவத்தைக் கொட்டாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். லேபில் கொடுத்ததற்கு எண்ணோ ரசீதோ வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் அக்கா பஸ்ஸிலேயே ஊர் திரும்பலாம். வலித்தால் பாராசிட்டமால் போதும். ரெண்டு நாள் கனமான குடம், மூட்டை தூக்க வேண்டாம். மறுநாள் வேலைக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் பெரும்பாலானவர்கள் போய்விடுகிறார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற பகுதியில் இருந்தால் ஒரு நாள் லீவு கேட்கட்டும். தாம்பத்தியம் ஒரு வாரம் வேண்டாம். மொண்டு ஊற்றிக் குளிக்கலாம், கிணறு, ஏரியில் இறங்க வேண்டாம். ரத்தினகிரி முருகன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன், போகலாமா என்று ஒருவர் கேட்டார். இது மாதவிலக்கு இல்லை, காயம். தாராளமாகப் போகலாம்.

இனிமேல் சொல்வதை அக்காவிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் இதை யாரும் சொல்லாமல் அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் களிம்பு ரத்தத்தோடு சேர்ந்து கருப்பாக வெளியே வரும். காபித் தூள் கரைத்த மாதிரி, சில சமயம் கருப்புத் துணுக்குகளாக. ஒரு தடவை ராத்திரி 9 மணிக்கு வார்டுக்குப் போன் வந்தது. "உள்ளே அழுகி விழுது, கேன்சர் வெடிச்சிடுச்சு போல" என்று ஒரு பெண் கதறினார். காலையில் சதை எடுத்துக்கொண்டு போனவர். அது மருந்து, அழுகல் இல்லை என்று புரிய வைக்கக் கால் மணி நேரம் ஆனது. ஒரு வரி முன்பே சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் அப்படி நடுங்கியிருக்க வேண்டாம். நாலைந்து நாள் கருப்பும் லேசான ரத்தமும் படுவது சகஜம். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால், காய்ச்சல் வந்தால், கெட்ட நாற்றத்தோடு வெள்ளைப்பட்டால், அடிவயிறு தாங்க முடியாமல் வலித்தால், ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இதெல்லாம் அபூர்வமாகத்தான் வரும்.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பேச்சு நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறேன். கர்ப்பப்பை வாயில் இப்படிச் சின்னத் துண்டு எடுப்பதால் நோய் பரவாது. அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் புரியும். அந்தக் காலத்தில் நாற்றமும் ரத்தப்போக்கும் தாங்க முடியாமல் போனபின்தான் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சதை எடுத்தார்கள், சில மாதத்தில் இறந்தார்கள். எடுத்ததால் இறந்தார்கள் என்று ஊர் நம்பிவிட்டது. தாமதமாக வந்ததால் இறந்தார்கள்.

லேபில் அந்தத் துணுக்கை மெழுகில் பதித்து, தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்கு கூட வராத மெல்லிய சீவல்களாகச் சீவி, ஊதாவும் ரோஜா நிறமும் சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். அவசரப்படுத்த முடியாத வேலை. ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். தாமதமானால் கெட்ட செய்தி என்று எண்ண வேண்டாம்.

ரிப்போர்ட்டில் வருகிற சொற்களைப் புரிந்துகொள்ள ஒரு சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் சுவரில் அடியிலிருந்து ஓதம் ஏறுமே, அது மாதிரி. தோலின் அடியில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மட்டும் செல்கள் மாறியிருந்தால் சி.ஐ.என். 1. மூன்றில் இரண்டு பங்கு வரை ஏறியிருந்தால் சி.ஐ.என். 2. அதற்கும் மேலே, சுவர் முழுக்க ஏறியிருந்தால் சி.ஐ.என். 3. இந்த மூன்றும் புற்றுநோய் இல்லை. சுவருக்கு அடியில் அஸ்திவாரம் மாதிரி ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. மாறிய செல்கள் அந்தப் படலத்தை உடைத்துக்கொண்டு கீழே இறங்கினால்தான் புற்றுநோய். சில ரிப்போர்ட்டில் எல்.எஸ்.ஐ.எல்., எச்.எஸ்.ஐ.எல். என்று இருக்கும். முதலாவது லேசான மாற்றம், இரண்டாவது 2, 3-ஐச் சேர்ந்தது. 'க்ரானிக் செர்விசைட்டிஸ்' என்று இருந்தால் நாள்பட்ட அழற்சி, அவ்வளவே. 'சதை போதவில்லை' என்று வந்தால் எரிச்சல் வரும்தான், ஆனாலும் மறுபடி போய்க் கொடுக்கத்தான் வேண்டும்.

சி.ஐ.என். 1 பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும், டாக்டர் சொல்கிற இடைவெளியில் திரும்பப் பார்த்தால் போதும். 2, 3 என்றால் அந்த இடத்தை மட்டும் சூட்டாலோ குளிராலோ அழிப்பார்கள், அல்லது மின்சாரக் கம்பி வளையத்தால் வழித்தெடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம், கர்ப்பப்பை அப்படியே இருக்கும். நியூசிலாந்தில் ஒரு காலத்தில் சி.ஐ.என். 3 இருந்த பெண்களில் சிலருக்குச் சரியான சிகிச்சை கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். 30 வருடத்தில் அவர்களில் 100-க்கு சுமார் 30 பேருக்குப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை ஒழுங்காகப் பெற்றவர்களில் 100-க்கு ஒருவருக்குக் கூட வரவில்லை. நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு இதே அமிலப் பரிசோதனையைச் செய்து ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ்கள்தான் அதில் பரிசோதனை செய்தார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் இறந்தவர்கள் 35 சதவீதம் குறைந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

புற்றுநோய் என்றே வந்தாலும், அறிகுறி தெரியும் முன் பரிசோதனையில் கிடைப்பது பெரும்பாலும் ஆரம்ப நிலையில் இருக்கும். அந்த நிலையில் பெரும்பாலானவர்கள் குணமாகிவிடுகிறார்கள். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கும் இடம் உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. "எதுக்கு சதை, டெஸ்ட்டுன்னு அலையணும்? குழந்தை பெத்தாச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எனக்குச் சொந்தத்தில் சித்தி முறையாகிற ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. ஒரு சின்ன நர்சிங் ஹோமில், வெள்ளைப்படுகிறது என்று போனவருக்கு, சதை எடுத்துப் பார்க்காமலேயே கர்ப்பப்பையை எடுத்தார்கள். எடுத்த பிறகு டெஸ்ட்டில் புற்றுநோய் என்று வந்தது. முன்பே தெரிந்திருந்தால் செய்திருக்க வேண்டிய ஆபரேஷன் வேறு, எடுக்க வேண்டிய அளவும் வேறு. கடைசியில் மறுபடியும் கதிர்வீச்சு, மருந்து என்று ஒரு வருடம் அலைந்தார். சதை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கிற முடிவுதான் சரியான முடிவு. பயாப்ஸிக்கு, அதாவது சதை எடுத்துப் பார்ப்பதற்குப் போட்ட கையெழுத்து அதற்கு மட்டும்தான், கர்ப்பப்பையை எடுக்க அது அனுமதி ஆகாது.

எச்.பி.வி. என்று ரிப்போர்ட்டில் வந்தால் வீட்டில் சந்தேகப் பேச்சு கிளம்பும். தாம்பத்திய உறவில் தொற்றுகிற வைரஸ்தான். ஆனால் கல்யாணமான பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்து போகிறது, பல வருடம் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கவும் செய்யும். எப்போது, யாரிடமிருந்து என்று யாராலும் சொல்ல முடியாது. அதை வைத்து அக்காவையோ மாமாவையோ யாரும் ஒரு வார்த்தை கேட்க இடமில்லை. உங்களுக்கும் 30 வயது ஆகிவிட்டதென்றால் அதே சுகாதார நிலையத்தில் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நான் பல வருடம் ரிஜிஸ்டரைப் புரட்டித் தெரிந்துகொண்டது. சதை கொடுத்துவிட்டுப் போனவர்களில் பலர் ரிப்போர்ட் வாங்க வரமாட்டார்கள். பயத்தில் சிலர், வலி இல்லையே என்று சிலர். போன் போட்டால் பல சமயம் அந்த நம்பர் வீட்டுக்காரருடையதாக இருக்கும். அவர் லாரியில் வெளிமாநிலத்தில் இருப்பார், அல்லது நம்பரே மாறியிருக்கும். சி.ஐ.என். 3 என்று எழுதிய தாள் பீரோவில் கிடக்கும், அதற்கு உரியவர் எங்கோ வேலை செய்துகொண்டிருப்பார். அதனால் அன்றைக்குப் பதிவு செய்யும்போது அக்கா நம்பரோடு உங்கள் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் ரிப்போர்ட் வரும் என்று கேட்டு, அந்தச் சீட்டின் பின்னாலேயே பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு இப்போதே கம்பெனியில் லீவு சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.